கதவு தட்டும் விளம்பரம்

கதவு தட்டும் சத்தத்தை ஒழுங்காகப் பதிவு செய்வது அத்தனை சுலபம் இல்லை, சார். மைக்கை மரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் யாரோ பலகையை உடைப்பது போல இருக்கும். தள்ளி வைத்தால் அடுத்த வீட்டில் தட்டுவது போல இருக்கும். விளம்பரங்களுக்கு ஒலி சேர்ப்பது என் வேலை. குளிர்பானம் ஊற்றும் சத்தம், சிப்ஸ் கடிக்கும் சத்தம், புது போன் பெட்டியைத் திறக்கும் சத்தம் எல்லாம் நான் செய்ததுதான். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அக்கா வீட்டு ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

வாசலில் மாட்டும் கேமரா விற்கிற கம்பெனி ஒன்று எங்களிடம் வந்தது. விளம்பரம் என்று தெரிந்தாலே ஜனங்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், அதனால் விளம்பரம் மாதிரியே தெரியாத விளம்பரம் வேண்டும் என்றார்கள். இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறதே, பாட்டுப் போடு என்று சொன்னால் போடுகிற ஸ்பீக்கர், அதில் இரண்டு பாட்டுக்கு நடுவே கதவு தட்டும் சத்தம் மட்டும் வரும். கேட்பவர் எழுந்து போய்ப் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒரு பெண் குரல், “வாசல்ல நிக்கிறது யாருன்னு தெரிஞ்சா நிம்மதிதானே?” என்று கேட்கும். யோசனை என்னுடையது. முதலாளி என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. எல்லோருக்கும் தன் வீட்டுக் கதவின் சத்தம் தெரியும். பொதுவாக ஒன்றைப் போட்டால் யாரும் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். அந்தந்த வீட்டுக் கதவையே பதிவு செய்து அங்கேயே ஒலிக்கவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அக்கா வீட்டை விட்டால் எனக்கு வேறு வீடு ஏது?

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்காதான். புருஷன் விட்டுப் போனதிலிருந்து மாடி வீட்டில் தனியாக இருந்தாள். வீட்டிலேயே துணி தைத்தாள். மெஷின் ஓடினால் கூடவே பாட்டும் ஓட வேண்டும் அவளுக்கு. ஸ்பீக்கரை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். என் போனோடு இணைத்து, வாசல் கதவை ஒட்டிய அலமாரியில் வைத்தேன். கீல் தளர்ந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லிக் கதவைப் பல விதமாகத் தட்டிப் பதிவு செய்துகொண்டேன்.

“பாம்புக்காதா, கதவுக்கு என்னடா வைத்தியம் பாக்குற?” என்று சிரித்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான்.

ஒரு மதியம் ஆபீஸிலிருந்தே அந்தச் சத்தத்தைப் போன் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. யாரோ தட்டினார்கள், திறந்தால் ஆளே இல்லை என்றாள். பக்கத்து வீட்டு வாண்டுகளாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். அடுத்த தடவை கூப்பிட்டபோது குரல் அடங்கிப்போயிருந்தது.

“தம்பி, கதவு ஓட்டை வழியா பாத்துக்கிட்டேதான்டா நின்னேன். வெளிய ஒருத்தரும் இல்ல. நான் பாக்கும்போதே தட்டுது.”

எனக்கே முதுகு சில்லிட்டது. வேலை அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது.

வழக்கு வந்துவிடும் என்று பயந்து கேமரா கம்பெனி பின்வாங்கிவிட்டது. நான் நிறுத்தவில்லை. எதையும் பாதியில் விடுவது என் சுபாவம் இல்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. அக்காவுக்கு நூலும் பட்டனும் கொடுக்கிற கடைக்காரர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னாலேயே நடந்தது அது. நல்ல மனுஷர். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. என்ன, அதற்கப்புறம் அவள் எனக்குப் போன் செய்வது குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனால் வீடு பூட்டியிருக்கும். கதவு தட்டும் சத்தம் ஆரம்பித்த பிறகு பழையபடி தினமும் கூப்பிட்டாள். நான் லைனில் இருக்கும்போது தட்டுவதில்லை என்பதை அவளே கவனித்துச் சொன்னாள். “நீ பேசிக்கிட்டே இருடா. நீ பேசினா அது வராது.”

நானும் பேசிக்கொண்டே இருப்பேன். ஹெட்போனின் ஒரு காதில் பிஸ்கட் விளம்பரம், மறு காதில் அக்கா. அவள் மூச்சு வாங்குவது கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதைக் கேட்பேன். அதைவிட நிம்மதியான சத்தம் நான் கேட்டதில்லை.

தைப்பது நின்றுவிட்டது. துணி கொடுக்க வந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், அவள் திறக்கவில்லை. கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகிவிட்டாள். வாசலுக்குக் கேமரா வாங்கட்டுமா என்று கேட்டாள். அதெல்லாம் ஏமாற்று வேலை என்று சொல்லிவிட்டு, மேலேயும் கீழேயும் இரும்புத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தேன்.

ஒருநாள், “கடைக்காரரா இருக்குமோ அக்கா? நீ தனியா பயந்து கெடந்தா சீக்கிரம் சரின்னு சொல்லுவேன்னு...” என்று இழுத்தேன். நான் முழுதாகச் சொல்லவில்லை. மீதியை அவளே முடித்துக்கொண்டு அழுதாள். அதன் பிறகு அவர் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை.

அந்த நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். பட்டப்பகல். அவளோடு பேசிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, நீ பேசும்போதே தட்டுதுடா.”

நான் எதுவும் அனுப்பவில்லை. விரல் முட்டியால் தட்டிய சத்தம் இல்லை அது, முழுக் கையால் அடித்தது. அப்படி ஒன்று என் பதிவில் கிடையாது. பின்னால் யாரோ இருமினார்கள். படிக்கட்டில் பலர் தடதடவென்று இறங்கினார்கள். “தீ பிடிச்சிருக்கு, வெளிய வாம்மா, என்னை நம்பும்மா” என்று கடைக்காரர் கத்தினார். என் காதுக்கு எல்லாம் தனித்தனியாகக் கேட்டது.

“அவர்தான்டா. கீழ் வீட்டுல தீயாம். ஏதோ வாடை வர்ற மாதிரிதான் இருக்கு. தொறக்கவா?”

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, சார்? திறந்தால் அவரைப் பார்ப்பாள். இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவர் தோளில் விழுந்து அழுவாள். அதற்கப்புறம் எந்தச் சத்தத்துக்கும் பயப்பட மாட்டாள். என் போன் அடிக்காது. வெறும் அறையில் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

“தொறக்காத அக்கா. எல்லாம் நாடகம். உள் ரூமுக்குப் போய் கதவச் சாத்திக்கோ. நான்தான் பேசிட்டிருக்கேன்ல” என்றேன்.

போனாள். சொன்ன பேச்சைக் கேட்டாள். தீ என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மாற்ற வேண்டாம். கொஞ்ச நேரம் இருமினாள். பயமா இருக்குடா என்றாள். பயப்படாதே என்றேன். சின்ன வயதில் நான் காய்ச்சலில் கிடந்தபோது அவள் விழித்திருந்த கதையை அவளுக்கே சொன்னேன். தூரத்தில் கதவை அடிப்பது நின்றுபோனது. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கை எலும்பு உடைந்து கடைக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்கிறீர்கள். இருக்கட்டும். அவர் வெளியேதானே நின்றார். லைன் கட் ஆகும்வரை அவள் கூடவே இருந்தது நான்தான், சார். ஒரு நொடிகூட அக்காவை நான் தனியாக விடவில்லை.