பூவரசந்துறை எங்கே இருக்கிறது

ஓடுகிறேன். இடுப்பில் ஜெசிந்தா. என் மகள். மூன்று வயது. என் ஒரு காலில் செருப்பு இல்லை. கடல் பக்கமிருந்து முதலில் ஓர் அடைத்த சத்தம். தூரத்தில் யாரோ பெரிய கதவைச் சாத்தியது போல. பிறகு ஒன்றுமில்லை. பிறகு சீழ்க்கை. சீழ்க்கை கேட்டால் ஷெல் தலைக்கு மேலே தாண்டிப் போகிறது என்று அர்த்தம். கேட்காததுதான் நமக்கு. அன்று காலை இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"கடலுக்குப் போகாதேங்கோ! பனங்கூடலுக்கு ஓடுங்கோ! பனங்கூடலுக்கு!"

கத்துவது என் கணவர் ஞானம். அவர் துறையடியில் நிற்கிறார். ஐஸ் கொட்டிலின் தகரக் கூரை எழும்புகிறது. மெதுவாகத்தான் எழும்புகிறது. வெடித்த சத்தம் எனக்கு நினைவில்லை. தகரம் திரும்பி விழுந்த சத்தம் இருக்கிறது. அந்தக் கொட்டிலுக்குள் மாமி இருந்தா. ஞானத்தின் தாய்.

தொண்ணூறாம் ஆண்டு. ஆனி மாதம். வெள்ளிக்கிழமை. பாயில் சாளை மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதிப் பாய்கூட நிறையவில்லை.

இதை நான் கொடுமுடிக்குப் பக்கத்தில் ஓர் அகதி முகாமிலிருந்து சொல்கிறேன். இங்கிருந்து கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் முகாமில் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். என் ஊர் பூவரசந்துறை. இலங்கையில், மன்னாருக்கு வடக்கே, கரையோரம். சின்ன ஊர். ஒரு கோயில், அந்தோனியாருக்கு. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடம். ஒரு துறை.

அந்தத் துறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்கத்திடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் எங்கள் ஆட்களே கல் சுமந்து கட்டியது. ஊரில் இரண்டு பகுதி. வடக்குக்கரை வலைக்காரர், நாங்கள். தெற்குக்கரை சங்கு குளிக்கிறவர்கள். வள்ளத்தை யார் எங்கே கட்டுவது என்று ஒரு காலத்தில் சண்டை. இரவோடு இரவாக யாரோ எங்கள் வலையை அறுத்தார்கள். அதோடு பேச்சு நின்றது. துறையைக்கூட வடக்குப் பாதி, தெற்குப் பாதி என்று தனித்தனியாகக் கட்டினார்கள். நடுவில் இரண்டும் பொருந்தவில்லை. அந்த இடத்தில் கால் தடுக்கி விழாதவர் ஊரில் இல்லை. சேமக்காலையிலும் அப்படித்தான். செத்தவர்களைப் புதைக்கிற இடத்தில், நடுவே முள்வேலி. இப்படி ஒரு ஊர். நல்ல ஊர் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊர்.

அந்தச் சித்திரையில் துவக்குகளோடு இயக்கப் பொடியள் வந்தார்கள். எங்கள் துறையில் தங்கள் வள்ளங்களைக் கட்டினார்கள். ஞானம் போய்க் கேட்டார். "தம்பியவை, இஞ்ச குழந்தை குட்டியள் இருக்குது. அங்கால முனைக்குப் போங்கோ." அவர்கள் சிரித்தார்கள். "உங்களுக்காகத்தானே அண்ணை எல்லாம்." கடற்படைக் கப்பல் வந்து ஷெல் அடித்த காலையில் அவர்களில் ஒருவரும் ஊரில் இல்லை. துறை இருந்தது. நாங்கள் இருந்தோம்.

மத்தியானம் மாமியைப் புதைத்தார்கள். வேலிக்கு வடக்கே. இன்னும் நான்கு பேரையும். பெட்டி இல்லை. பாயில் சுற்றி. மண் மூடி முடியுமுன் ஞானம் வள்ளத்தின் எஞ்சினைத் துடைக்கப் போய்விட்டார்.

பொழுது சாயும்போது ஏறினோம். பெண்களும் பிள்ளைகளும் முதலில். வடக்குக்கரைச் சனம் மட்டும். தெற்குக்கரைப் பெண்கள் துறையின் மற்றப் பாதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கேட்கவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. எங்கள் வள்ளத்தில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருந்தது.

இந்தியக் கரைக்கு முன்னால் ஒரு மணல் திட்டு. முழங்கால் தண்ணீரில் ஞானம் எங்களை இறக்கினார். "இஞ்சயே இருங்கோ. இராமேஸ்வரத்து ஆக்கள் வந்து ஏத்துவினம். நான் மிச்சச் சனத்தைக் கொண்டு வாறன்." ஜெசிந்தாவின் தலையைத் தடவவில்லை. கையெல்லாம் மண்ணெண்ணெய். எஞ்சின் இரண்டு தரம் இருமியது. மூன்றாம் தரம் பிடித்தது.

அதுதான் நான் கேட்ட கடைசிச் சத்தம், அவர் பக்கமிருந்து.

மண்டபம் முகாம். பிறகு பஸ். விடிய விடிய ஓட்டம். இறக்கிவிட்ட இடத்தில் கரும்பும் மஞ்சளும் தென்னையும். காற்றில் உப்பே இல்லை. பெரிய கிடங்கு ஒன்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நடுவே சேலை கட்டித் தடுத்தார்கள்.

ஏழெட்டு வருடமாயிற்று. மஞ்சள் காட்டில் களை எடுக்கிறேன். இங்கே தோட்டத்தைக் காடு என்கிறார்கள். என்னோடு நிரை பிடிக்கும் பாவாத்தாள் முதல் வாரமே கேட்டாள். "ஏனம்மணி, கடலு ஊட்டு வாசல்லயே இருந்துச்சுன்னா பயமா இருக்காதா?" கடலுக்குப் பயப்படவில்லை என்றேன். தன் தூக்குப்போசியிலிருந்து எனக்கும் ஒரு கை கம்மஞ்சோறு பிசைந்து தந்தாள்.

காவிரி பக்கத்தில்தான் ஓடுகிறது. மீன் துள்ளுவது கரையிலிருந்தே தெரியும். எங்கள் ஆட்கள் வலை போடக்கூடாது. குத்தகை வேறொருவருக்கு. போட்டால் முகாமை விட்டே அனுப்பிவிடுவார்கள். கடலில் பிறந்த ஆம்பிளைகள் கரையில் குந்தியிருந்து, மற்றவன் வலை வீசுகிற பிழையைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்கள்.

புது அதிகாரி வரும்போதெல்லாம் ஒரே கேள்வி. எந்த ஊர்? பூவரசந்துறை. அவர் இலங்கை வரைபடத்தில் விரலை ஓட்டுவார். "அப்படி ஒரு ஊரே இல்லீங்களேம்மா. மன்னாருன்னே எழுதிக்கட்டுங்களா?" இங்கே இல்லை என்பதைக்கூட அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள். கோபப்பட இடமே கிடைப்பதில்லை. கணவர்? வருவார் என்றேன் முதல் வருடம். தெரியாது என்றேன் அடுத்த வருடம். நடுவில் ஒரு நாள், ஊர் அமைதியாகிவிட்டது, கப்பல் போகிறது, திரும்பிப் போகிறவர்கள் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். "இல்லாத ஊருக்கு எப்பிடி ஐயா போறது?" என்று கேட்டேன். நீட்டிய பேனாவை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். நல்ல மனுசன். என்ன பிரயோசனம்?

தொண்ணூற்றாறில் மறுபடியும் அங்கே சண்டை. மறுபடியும் வள்ளங்கள். அவற்றில் ஒன்றில் வந்தவன் மரியதாஸ். தெற்குக்கரைக்காரன். எங்கள் வலையை அறுத்தவரின் மகன் என்று ஊர் சொல்லும். ஒரே ஊரில் வளர்ந்தோம். அவன் குரலை நான் கேட்டதே இல்லை. முகாம் தண்ணீர்க் குழாயடியில் வந்து நின்றான்.

"ஞானமண்ணை திரும்பி வந்தவர் அக்கா."

குடம் நிரம்பி வழிந்தது. நான் எடுக்கவில்லை.

அவன் நின்றபடியே சொன்னான். அடுத்த நாள் விடியற்காலை ஞானம் துறைக்கு வந்திருக்கிறார். வடக்குக்கரைச் சனம் பயத்தில் இரவே காட்டுக்குள் போய்விட்டது. துறையில் நின்றது தெற்குக்கரை மட்டும். கயிற்றைக் கட்டாமல் வள்ளத்திலேயே நின்றாராம். பிறகு கத்தியிருக்கிறார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஏறுங்கோ!" கிழவர்களைக் கை கொடுத்து ஏற்றினார். மரியதாஸின் தாயைத் தூக்கி வைத்தார். கயிற்றை அவிழ்க்கும்போது ஷெல். சீழ்க்கை இல்லை. வள்ளத்தின் பின்பக்கம் நின்ற மரியதாஸ் தண்ணீரில் எறியப்பட்டான். நீந்தித் திரும்பியபோது துறையின் தெற்குப் பாதியே இல்லை.

"சேமக்காலை வேலிக்கு அங்கால கொண்டுபோக நேரமில்லை அக்கா. கப்பல் இன்னும் நிண்டது. எங்கட பக்கத்திலதான் அவரை வைச்சனாங்கள். எங்கட அம்மாவுக்குப் பக்கத்தில." பிறகு, "குறை நினைக்காதேங்கோ" என்றான்.

குறை நினைக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆறு வருடம் ஒரு சேலைத் தடுப்புக்குப் பின்னால் இருந்து எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தேன். யார்மீது கோபப்பட? கப்பல்காரன் என் குரல் எட்டாத இடத்தில். பொடியளில் பலபேர் செத்துவிட்டார்கள். மரியதாஸ் முன்னால் நிற்கிறான், தாயை இழந்தவன்.

அடுத்த நாள் காட்டில் என் கை மஞ்சளையும் களையோடு பிடுங்கியது. பாவாத்தாள் களைக்கொத்தை வாங்கிக்கொண்டாள். "வரப்புல போயி உக்காரு கண்ணு. உன்ற நிரையையும் நாம் பாத்துக்கறேன்." உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. எழுந்து வந்து அவளிடமிருந்து களைக்கொத்தைப் பறித்துக்கொண்டேன்.

அதிகாரியிடம் போனேன். கணவர் இறந்துவிட்டார் என்று பதியச் சொன்னேன். "சர்ட்டிபிகேட் இருக்குதுங்களா?" என்றார். புதைத்தவனைக் கூட்டிவந்திருக்கிறேன் என்றேன். மரியதாஸை உட்காரச் சொன்னார். டீ வாங்கித் தந்தார். பதியவில்லை. ஞானம் அவருடைய பதிவேட்டில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

யாரும் பதியாததால் நானும் மரியதாஸும் உட்கார்ந்து எண்ணினோம்.

வள்ளங்கள் எல்லாம். கோயில் மணி. பள்ளிக்கூடத்தின் கடல் பக்கச் சுவர். ஐஸ் கொட்டில். துறையில் மிஞ்சிய வடக்குப் பாதியின் கற்களைப் பிறகு வந்தவர்கள் பெயர்த்துக் காவலரண் கட்டிவிட்டார்கள். ஆகவே துறை முழுவதும்.

ஆட்கள். முதல் நாள் ஐந்து பேர், மாமியோடு. இரண்டாம் நாள் துறையில் பன்னிரண்டு பேர், ஞானத்தோடு. பதினேழு.

மரியதாஸ் பத்தொன்பது என்கிறான். தெற்குக்கரைத் திரேசம்மாவின் மகன்மார் இரண்டு பேர் வள்ளத்தில் ஏறியதைக் கண்டானாம். உடல்கள் கிடைக்கவில்லை. ஆனால் கண்டானாம். சேர்க்கத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

திரேசம்மா எங்கள் வரிசையில் இரண்டு தடுப்பு தள்ளி இருக்கிறா, மகன்மார் வருவார்கள் என்று. சேலைக்கு அப்பால் பேசுவது எல்லாம் கேட்கும்.

பதினேழு.