டாக்டர் ஹேல்வர்சன் சம்மதித்தாரா?

மேடையில் வீற்றிருக்கும் போதகர் மெரிடித் அவர்களே, எங்கள் கிளினிக்கின் பங்குதாரர் டாக்டர் கிரெக் டன்லப் அவர்களே, கணவர் ஆரினை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஈனிட் அம்மையார் அவர்களே, இந்தப் பனியிலும் தேவாலயக் கூடத்தை நிறைத்துவிட்ட கார்ஸ்டன் ஊர் மக்களே!

டாக்டர் ஆரின் ஹேல்வர்சன் மறைந்துவிட்டார். பனி சாலையை மூடிய நாளில் டிராக்டரில் ஏறிப்போய்ப் பிரசவம் பார்த்தவர் மறைந்துவிட்டார்! உங்களில் எத்தனை பேர் அவர் கையில் பிறந்தவர்கள்!

ஆனால் உங்கள் முகங்களில் துக்கம் மட்டுமா தெரிகிறது? பள்ளிப் பேருந்து ஓட்டும் வில்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "லூசில் டாக்டர், அவரும் சந்தா வைத்தியத்துக்குச் சரின்னுட்டாராமே? நாங்கல்லாம் எங்க போறது?"

மறைக்க மாட்டேன். சந்தா வைத்திய நிறுவனம் ஒன்றின் பிரதிநிதியான கென்ட்ரிக் எங்கள் கிளினிக்குக்கு வந்தது உண்மை. மதியச் சாப்பாடு வாங்கிவந்து, தேனாகப் பேசினார்.

"வருஷச் சந்தா கட்டுறவங்கள மட்டும் பாருங்க டாக்டர். நிதானமாப் பாக்கலாம்."

"மத்தவங்க?" என்றார் ஆரின்.

"பக்கத்து ஊர் டாக்டருங்ககிட்ட மாத்திவிட்டுருவோம்."

"பேரச் சொல்லுங்க."

அவர் சொன்ன பெயர்களுக்கெல்லாம் ஆரின் அங்கேயே போன் போட்டார். அதுவும் எப்படி? நடுங்கும் கிழவியின் குரலில்! "கண்ணு, எனக்குச் சக்கர வியாதி. புதுசா ஆள் சேக்குறீங்களா?"

ஒரு கிளினிக்கில், "ஆறு மாசம் ஆகும்மா" என்றார்கள். அடுத்ததில், "சேக்கறதில்லீங்க." கடைசியில் ஒரு பெண் கனிவாகக் கேட்டாள்: "சந்தா கட்டிட்டீங்களாம்மா?"

போனை வைத்துவிட்டு ஆரின் கென்ட்ரிக்கைப் பார்த்தார். "இது நீங்க ஏற்கெனவே போய்ச் சந்தாவுக்கு மாத்திட்ட ஊரா தம்பி?"

இப்படிக் கேட்டவரா சம்மதித்திருப்பார்? பங்குதாரர்களான ஆரின், டன்லப், நான் என்ற மூவரில் ஒருவர் மறுத்தாலும் கிளினிக் சந்தாவுக்கு மாற முடியாது. அப்படியிருக்க, அடக்கம் முடியுமுன்பே டாக்டர் டன்லப் என்னிடம் சொல்கிறார்: "ஆரின் ஒத்துக்கிட்டாரு லூசில். அவர் ஆசைய நாமதான் நிறைவேத்தணும்." யார் சாட்சி? இறந்தவர் எழுந்துவந்து மறுக்கமாட்டார் என்ற தைரியமா? டன்லப் அவர்களே, இந்தச் சபையில் கேட்கிறேன், எப்போது சொன்னார்?

ஈனிட் அம்மா... ஏன் எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள்.

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. ஈனிட் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "சொன்னாரு லூசில். எங்கிட்டயும் சொன்னாரு. 'முடியல ஈனிட், கையெழுத்துப் போட்டுடறேன்'னு அழுதாரு. கிரெக்கைத் திட்டாத. அந்த மனுஷன் சரியாத் தூங்கி எத்தன வருஷமாச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது ஈனிட். பக்கத்து அறையிலேயே வேலை பார்த்தும் எனக்குத் தெரியாது.

டன்லப் அவர்களே, உங்களைப் பொய்யர் என்று எண்ணினேன். மன்னியுங்கள். ஆனால் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் கென்ட்ரிக் அவர்களே, உங்கள் மீதுள்ள சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது. களைத்த மனிதரின் கண்ணீரைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள உங்களை விடமாட்டேன். காபி இருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள்.

மக்களே! இனி ஆரினின் பெயரைச் சொல்லி இந்தப் பக்கமும் வாதாட மாட்டேன், அந்தப் பக்கமும் யாரையும் வாதாட விடமாட்டேன். அவர் பட்ட பாடு போதும். இது என் சொந்த வாக்கு: நான் கையெழுத்துப் போடமாட்டேன். அவர் பார்த்துவந்த அத்தனை பேரையும் நான் பார்ப்பேன். இன்னொரு மருத்துவர் கிடைக்கும்வரை தேடுவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதன்கிழமைகளில் யாரும் கதவைத் தட்டாதீர்கள். அன்று நான் தூங்க வேண்டும்.