சுருளெழுத்துப் பத்திரிகை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. இன்றைக்கு என் கதையையே சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் நீங்கள் தேதியைப் பார்ப்பீர்கள். நான் எழுத்தைத் தடவிப் பார்ப்பேன். கும்பகோணத்தில் அப்துல் மஜீது பாய் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த விரல் இது.

பாயிடம் ஒரு பெட்டி சுருளெழுத்து இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பாகல் கொடி மாதிரி நுனி சுருண்டிருக்கும். கல்யாணம், வளைகாப்புக்குத்தான் அதை எடுப்போம். கோர்ட்டுக் காகிதத்துக்குச் சாதா எழுத்து. படிக்கத் தெரியாதவர்கள்கூடச் சுருளைக் கண்டால் சுபகாரியம் என்று சொல்லிவிடுவார்கள். என் தம்பி வைரக்கண்ணுவும் அப்படித்தான்.

அதற்கு முன் நான் வலங்கைமான் பக்கம் வயலில் கிடந்தவள். தாலியறுத்து வந்த நாள்முதல் பதினோரு வருஷம், மிராசுதார் வாஞ்சிநாத ஐயர் நிலத்தில் தம்பியும் நானும் சேர்ந்தே குத்தகைக்குப் பாடுபட்டோம். அரசாங்கம் சட்டம் போட்டு, உழுகிறவர் பெயரைப் பதிய அதிகாரி வரப்புக்கே வந்தார். முழங்கால் சேற்றோடு நின்ற என்னைக் காட்டி, இது யார் என்றார்.

"அது கூலிக்கு வர்ற ஆளுங்க சார்," என்றான் தம்பி.

நாற்று முடியைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறினேன். கும்பகோணம் போய்ப் பாயிடம் படிக்கவும் அச்சுக் கோக்கவும் கற்றுக்கொண்டேன். அந்தச் சொல் மூன்று வருஷம் நெஞ்சில் எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம், ஐயர் வந்தார். குத்தகையை மனமுவந்து விட்டுக்கொடுப்பதாகக் காகிதம் அடிக்க வேண்டுமாம். வைரக்கண்ணு எந்த ஆபீஸ் காகிதத்திலும் கைநாட்டு வைக்க மாட்டேன் என்கிறானாம். ஐயர் மகளுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்தது.

"சுருளெழுத்துல போட்டு, மூலைக்கு மஞ்சள் தடவிட்டா வச்சிடுவான் சாமி," என்றேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

நானே கோத்தேன். சுற்றிலும் மாவிலைத் தோரணம். ஒரு பிழை கிடையாது. குங்குமத் தட்டில் வைத்து நானே கொண்டுபோனேன். ஐயர் வீட்டுப் பத்திரிகை அதுவரை எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. தம்பி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"நீயே படிச்சிக் காட்டுக்கா. உன் வாயால கேட்டா நல்லாருக்கும்."

படித்தேன். முகூர்த்த நாளையும் மாப்பிள்ளை பேரையும், அந்தக் காகிதத்தில் இல்லாததையெல்லாம், நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கல்யாணத்துக்கு வேட்டி கொடுக்கிற பட்டியலில் பேர் சேர்க்க என்று சொல்லி, அவன் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி நானே அழுத்தினேன்.

கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஐயர் ஆட்கள் அந்தக் காகிதத்தோடும் போலீஸோடும் வந்து அவனை வயலைவிட்டு வெளியேற்றினார்கள். பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு அந்த வரப்பிலேயே செத்துக் கிடந்தான். நான் படித்தது ஒன்று, ஐயர் காட்டுவது வேறு என்று அவன் பெண்டாட்டி ராசம்மாளிடம் சத்தியம் செய்தேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. "எங்க அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. நான் யார் குடியையும் கெடுக்கவில்லை. கூலிக்கு வந்தவள், கூலி வேலை செய்தேன்.

உங்கள் வீட்டில் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் கூப்பிடுங்கள், வந்து படித்துக் காட்டுகிறேன். உங்கள் வாசலுக்கு நல்ல பத்திரிகையாகவே வரட்டும், கண்ணுங்களா. குடி தழைத்து நன்றாக இருங்கள்.