கமாவுக்கு அப்புறம் மூணு எழுத்து

இல்ல மேஸ்திரி, கல்லுல பேரைத் தொடாதீங்க. பேரு இருக்கட்டும். முன்னாடி இன்ஜினியர்னு இருக்கே, அதுவும் இருக்கட்டும், அது நம்ம நாட்டுல படிச்சது, அதை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டான். பேருக்குப் பின்னாடி ஒரு கமா இருக்கு பாருங்க, அதுக்கப்புறம் டி, பி, ஏன்னு மூணு எழுத்து. அதுதான் போகணும். கமாவும் சேர்ந்து போகட்டும், அது மட்டும் தனியா தொங்கிக்கிட்டு நின்னா இன்னும் அசிங்கம்.

ஆமாங்க, என் பேருதான். வெந்தெலின் கபலா, நானேதான். பொறந்த வருஷம், ஒரு கோடு, அப்புறம் காலி, நான்தான் இன்னும் சாகலையே. பக்கத்துல என் சம்சாரம் ஓட்டீலியா, அவளுக்கு ரெண்டு வருஷமும் வெட்டியாச்சு. போன பனிக்காலம்.

கல்லறைத் திருநாளுக்குள்ள முடியணும் மேஸ்திரி. உங்களுக்கு இப்ப தலைக்கு மேல வேலைன்னு தெரியும், ஆனா அப்புறம் பாக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அன்னைக்கு ஊரே இங்க வரும். சாமந்தியும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கிட்டு வர்றவன் தன் வீட்டுக் கல்லையா பாக்குறான்? அடுத்தவன் கல்லைத்தான் படிக்கிறான். யாரு பேருக்கு முன்னாடி என்ன பட்டம், யாருக்குப் பின்னாடி என்ன பட்டம்னு. அதோ பின் வரிசையில கறுப்புக் கல்லு, அது பென்யோவோட அம்மா. குளிர்கிடங்கு வச்சிருக்காரே, அவரேதான். உறைஞ்ச கோழி, மீனு, பட்டாணி. அவர்தான் இப்ப என் முதலாளி. இந்த மூணு எழுத்து அவர் கண்ணுல பட்டுச்சுன்னா என் வேலைக்கு வேட்டுதான். சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகல, இன்னும் நிரந்தரம் பண்ணல.

அதெப்படி, படிச்சதுக்கு வேலை போகுமான்னு கேக்குறீங்க. நல்லா கேட்டீங்க போங்க! ஊர்ல எல்லாருக்கும் படிப்பு வேலை வாங்கிக் குடுக்கும். எனக்கு உள்ளதையும் பிடுங்கிருச்சு.

வியாபார நிர்வாகத்துல டாக்டர் பட்டம்ங்க அது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், வீட்டுல இருந்தே படிக்கிறது. சிரிக்காதீங்க. எல்லாரும் இந்த இடத்துலதான் சிரிக்கிறாங்க. காசு கட்டினா தபால்ல வருமே அதுவான்னு கேப்பாங்க. எவனோ ரெண்டு அரசியல்வாதி காசு குடுத்து வாங்கினான், எவனோ அடுத்தவன் எழுதினதை அப்படியே காப்பி அடிச்சான், பேப்பர்ல வந்துச்சு, நாறிப்போச்சு. தப்பு பண்ணினவன் இன்னும் கார்ல போறான். நாலு வருஷம் சமையலறை மேசையில குந்தி எழுதினவன் நான், எனக்குத்தான் பட்டப்பேரு.

நெசமாவே எழுதினேன் மேஸ்திரி. கார் உதிரிபாகக் கிடங்குல நான் மேனேஜர். கடைக்காரன் வேணாம்னு திருப்பி அனுப்புற சாமான் எங்கதான் காணாம போகுதுன்னு எவனுக்கும் தெரியாது. திருட்டுன்னுவான். நான் ஒவ்வொரு கிடங்கா அலைஞ்சேன், ஆளுங்களோட நின்னு பெட்டி பிரிச்சேன். திருட்டே இல்ல! வந்த சாமானை எந்த ரேக்குல வைக்கணும்னு முடிவு பண்ண ஒரு ஆளு இல்ல, அவ்வளவுதான். அதை நிரூபிச்சு எழுதினேன். வழிகாட்டி பேராசிரியர் திரையில வருவாரு, அவரு பூனை குறுக்கால குறுக்கால நடக்கும். நாலு தடவை திருப்பி அனுப்பினாரு மனுஷன். காசுக்கு விக்கிறவனா இருந்தா அப்படித் திருப்புவானா, நீங்களே சொல்லுங்க.

பட்டம் வந்துச்சு. ஓட்டீலியாவைப் பாக்கணுமே! டாக்டரே எழுந்திருங்க, டாக்டரே குப்பையைக் கொட்டிட்டு வாங்க. முள்ளங்கி வாங்கப் போனாலும் எங்க வீட்டு டாக்டருக்கு நல்லதா பாத்துப் போடுங்கம்பா. அந்தக் கடைக்காரம்மா அதை நம்பி முழங்கால் வலியை எங்கிட்டக் காட்டுச்சு.

கம்பெனியில போய்ச் சொன்னேன். டைரக்டர் கை குடுத்தாரு. குடுத்த கையை எடுக்கறதுக்குள்ள, இதுக்காகச் சம்பளம் ஏத்தச் சொல்ல மாட்டீங்களேன்னு கேட்டாரு. சரின்னு விட்டேன். அடுத்த வருஷம் ஆள் குறைப்பு வந்துச்சு. மொத ஆளு யாரு? நான். ஏன் தெரியுமா? கபலா டாக்டர்ல்ல, அவருக்கு வெளிய வேலை கிடைச்சிடும், மத்தவங்க பாவம்னாங்க! அந்த ஒரு நாள் மட்டும்தான் மேஸ்திரி, அந்த ஆபீஸ்ல என் பட்டத்தை மதிச்சாங்க.

சரி, நம்ம ஊர்ப் பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தலாம்னு போனேன். முன்னாடியே ரெண்டு தடவை கூப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்காங்க, பசங்க கைதட்டினாங்க. அந்தத் துறைத்தலைவர் காப்பி ஊத்திக் குடுத்தாரு, கேக்கு வச்சாரு. அப்புறம் இழுத்தாரு. இது ஆய்வுப் பட்டம் இல்லையே, தொழில் பட்டமாச்சே, நம்ம சட்டத்துல இதுக்கு இடம் இல்லையேன்னாரு. அங்கீகாரம் வாங்கிட்டு வாங்கன்னாரு. தலைநகர்ல ஒரு ஆபீஸ் இருக்கு, அங்க போனா, இப்படி ஒரு படிப்பே நம்ம நாட்டுல இல்ல, இல்லாத படிப்புக்கு எதோட சமம்னு எழுதித் தர்றதுன்னு கேக்குறான். அதுவும் நியாயமாத்தான் இருக்கு, என்னத்தைச் சொல்ல! இதுல கொடுமை என்னன்னா, நான் எழுதின கட்டுரையைப் பசங்களுக்குப் பாடமா வச்சிருக்காங்க அங்க. கட்டுரை உள்ள போகலாம், எழுதினவன் வெளிய நிக்கணும். சம்பளம் இல்லாம வந்து பேசறதுன்னா எப்ப வேணா வாங்கன்னாரு, கேக்கு இன்னொரு துண்டு வச்சுக்கிட்டே. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைத் தின்னுட்டு வந்துட்டேன்.

அப்புறம் வேலை தேடி அலைஞ்சேன். ஒரு இடத்துல ஒரு பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும், இந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பக்கம் இருக்கு சார்னு ஒரு சிரிப்பு சிரிச்சுச்சு. இன்னொரு இடத்துல, நீங்க ரொம்பப் படிச்சவர், எங்ககிட்ட நிலைக்க மாட்டீங்கன்னான். ஒருத்தனுக்கு என் படிப்பு பத்தல, ஒருத்தனுக்கு மிஞ்சிருச்சு. ஒரே காகிதம்தானய்யா! நீங்க ரெண்டு பேரும் முதல்ல ஒரு முடிவுக்கு வாங்கடா, அப்புறம் என்னை விரட்டுங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தல. நன்றி சொல்லிட்டு வந்தேன். ஐம்பத்தாறு வயசுல எங்க போய்க் கத்துறது?

பென்யோகிட்ட போனப்போ எடுத்த எடுப்புலயே கேட்டாரு, பேருக்குப் பின்னாடி ஏதாவது வால் கீல் இருக்கான்னு. முன்னாடி ஒரு டாக்டரை வச்சிருந்தாராம், அவரு நாளெல்லாம் பலகையில திட்டம் திட்டமா படம் வரைஞ்சுக்கிட்டே இருந்தாராம், இங்க கோழி உருகிப்போச்சாம். எனக்கு பெட்டி தூக்குற ஆளு வேணும், பொய் சொல்லி உள்ள வந்தா அன்னைக்கே கதவைக் காட்டுவேன்னாரு. நான் இல்லைன்னு சொல்லிட்டேன். சட்டுன்னு வந்துருச்சு வாயில. அடையாள அட்டையைப் பாத்தாரு. அங்கீகாரம் இல்லாத பட்டத்தை அட்டையில போட மாட்டாங்கல்ல, அதுல இன்ஜினியர் மட்டும்தான் இருக்கு. பாருங்க கூத்தை, அது செல்லாம போனதுதான் எனக்குச் சோறு போடுது.

வேலை பிடிச்சிருக்குங்க. குளிரு எலும்பு வரைக்கும் போகுது, ஆனா பிடிச்சிருக்கு. வந்த மூணாவது நாளே, திரும்பி வர்ற சரக்குக்கு ஒரு ஓரமா இடம் ஒதுக்குங்கன்னு சும்மா சொல்ற மாதிரி சொன்னேன். அடேய் கபலா, உனக்கு மண்டையில ஏதோ இருக்குடான்னாரு. எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க! அந்த ஆளு வருஷா வருஷம் அம்மாவுக்கு விளக்கு வைக்கக் குடும்பத்தோட வருவாரு. இந்தப் பாதையிலதான் நடந்தாகணும். என் பேரைப் பாத்தா நிக்காம போவாரா? நம்ம ஆளாச்சேன்னு குனிஞ்சு படிப்பாரு.

அன்னைக்கு மட்டும் பெரிய விளக்கா வச்சு மறைக்கலாம்தான். யோசிச்சேன். காத்தடிச்சா? அவரு பேரப்பிள்ளை தட்டிவிட்டா? வேணாங்க, போயிடட்டும்.

என்னது? நானே வெட்டச் சொல்லிட்டு நானே அழிக்கச் சொல்றேனா? நான் எங்க சொன்னேன்! இந்தக் கல்லே நான் வாங்கினது இல்ல மேஸ்திரி. பக்கத்து ஊர்ல ஒருத்தர்கிட்ட அவளே போய்ச் சொல்லி வச்சிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு பஸ் ஏறினவ, ஆஸ்பத்திரியில இனிமே வைத்தியம் இல்ல, வர வேணாம்னு சொன்ன அன்னைக்கு, நேரா அங்க போயிருக்கா. எங்கிட்ட மூச்சு விடல. அவளை அடக்கம் பண்ணி கொஞ்ச நாள் கழிச்சு லாரியில கல்லு வந்து இறங்குது. கல்லைக் கொண்டுவந்த ஆளு சொல்றாரு, அம்மா அந்த மூணு எழுத்தை எழுதிக் காட்டி, இதுல ஒரு எழுத்து விட்டாலும் காசு தர மாட்டேன்னாங்களாம். ஆபீஸ்காரன் தரலைன்னா என்ன, நான் தர்றேன்னாளாம். இந்த உலகத்துல என்னை அப்படி எழுதி வச்சது அவ ஒருத்திதான்.

ஐயோ, மெஷினை நிறுத்துங்க மேஸ்திரி. ஒரு நிமிஷம். அரைச்சா திரும்ப வராதுல்ல? அரைக்காம ஏதாவது பண்ண முடியுமா? எழுத்து வெட்டின குழியை அடைக்கலாமா, கல்லு நிறத்துலயே பசை இருக்கா? தெரியாதே பக்கத்துல வந்து பாத்தாலும்? அப்ப அதைப் பண்ணுங்க. அடைச்சு, தேச்சு விட்டுடுங்க.

என் தேதியை வெட்ட என்னைக்காவது வருவீங்கல்ல, நீங்களோ உங்க பையனோ. அன்னைக்கு ஒரு ஆணியை விட்டு அந்தப் பசையைத் தோண்டி எடுத்துடுங்க. அதுக்கப்புறம் பென்யோ வந்து படிச்சா படிச்சுட்டுப் போகட்டும்.

நீங்க பசையைக் குழைங்க. நான் அந்தக் குழாயடிப் பக்கம் போய் நிக்கிறேன். இதை நீங்க பண்றப்போ அவ பக்கத்துல என்னால நிக்க முடியாது.