தங்கத் தோள்குஞ்சங்கள்

கடலை ஆளும் பிரிட்டிஷ் பேரரசு அதன் அதிகாரிகளின் அஞ்சா நெஞ்சத்தின் மேல்தான் மிதக்கிறது. எனக்குக் கப்பல் லேசாக ஆடினாலே வாந்தி வந்துவிடும்.

கனவான்களே, நீங்கள் என்னை விசாரிக்க அழைத்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என் பழைய கேப்டன் டிரெகார்த்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர். என் வாந்தி மாலுமிகளுக்குத் தெரியாதபடி தன் அறைக்குக் கூப்பிட்டு, பாகில் ஊறிய இஞ்சி கொடுப்பார். "இந்தாய்யா விக், வாயில அடக்கிக்கோ. நான் எவன்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்பார்.

அவரிடம் ஒரே குறைதான். சாகவே மாட்டேன் என்றார்.

நம் கடற்படையில் மேலே இருப்பவர் போனால்தான் கீழே இருப்பவனுக்கு இடம். வியாழக்கிழமை விருந்தில் "ரத்தம் கொட்டும் போருக்கும் கொள்ளை நோய்க்கும்" என்று நாம் கோப்பையை உயர்த்துவதே அதற்காகத்தான். மந்திரிகளை மாமாவாகப் பெற்றவர்கள் எனக்குப் பின்னால் வந்து முன்னால் போனார்கள். என் மாமா மெழுகுவத்தி விற்றார். தலை வழுக்கையாகியும் நான் லெப்டினன்ட்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் பாய்மரத்தின் மேலே துப்பாக்கியோடு உட்கார்ந்து, மின்னுகிற ஆளாகப் பார்த்துச் சுடுவார்கள். டிரெகார்த்தோ சண்டை என்றால் பொத்தான் போன பழுப்புக் கோட்டில் வந்து நிற்பார். கடற்படையின் மானத்துக்கு இது இழுக்கு என்று எனக்குப் பட்டது. பிரெஸ்ட் துறைமுகத்துக்கு வெளியே எதிரிக் கப்பல் தென்பட்ட காலையில் அவரிடம் போனேன்.

"சார், கேப்டனுக்குப் பயம்னு பசங்க பேசிக்கிறாங்க."

"எவன் சொன்னான்?"

"எல்லாருந்தான் சார்."

ஒருவனும் சொல்லவில்லை.

முழுச் சீருடையை எடுத்துவரச் சொன்னார். தோளில் தொங்கும் தங்கக் குஞ்சங்களுக்குச் சுண்ணாம்புத்தூள் போட்டு நானே என் கையால் துலக்கினேன்.

"என்னய்யா, ரொம்பப் பளபளங்குதோ?"

"கம்பீரமா இருக்கீங்க சார்."

மேல்தளத்தில் பீரங்கிக்காரன் ஒருவன் பக்கத்திலிருந்தவனை இடித்தான். "மாப்ள ரெடி. பொண்ணு எந்தக் கப்பல்லடா வருது?" டிரெகார்த்தும் சேர்ந்து சிரித்தார்.

அன்று நல்ல வெயில்.

என் மடியில்தான் விழுந்தார். "விக்... இஞ்சி ஜாடி அலமாரில இருக்கு. நீயே வச்சுக்கோ" என்றார். வைத்துக்கொண்டேன். அருமையான இஞ்சி. கப்பலும் எனக்கே வந்தது.

குண்டு பிரெஞ்சுக்காரனுடையது. குறி நான் வைத்தது. இதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. கடற்படையின் மானம் காப்பாற்றப்பட்டது என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சென்ற மாதம் எதிரி கண்ணில் பட்டதும் என் லெப்டினன்ட் ஹாஸ்கின் அறைக்கு வந்தான். கெட்டிக்காரன், என்னிடம் தொழில் பழகியவன். கையில் சுண்ணாம்புத்தூள் கிண்ணம். "சார், பசங்க என்னமோ பேசிக்கிறாங்க" என்றான்.

ஆகவே கனவான்களே, சண்டை முடியும்வரை நான் சமையல்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.