ஒருவரையாவது கூப்பிட வேண்டும்

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, அல் ஐனிலிருந்து துபாய் போன எங்கள் பேருந்தின் டயர் வெடித்தது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் மாற்றுப் பேருந்துக்காகச் சாலையோரம் நின்றபோது என் மகளின் மணிக்கட்டை நான் விடவேயில்லை. பக்கத்தில் இரண்டு தமிழர்கள். தேய்த்த சட்டை போட்டிருந்த மூத்தவர் கட்டட வேலை ஃபோர்மேன்; மற்றவர் அவரோடு வேலை செய்யும் இளையவர். நாலு மணிக்குத் துபாயில் ஃபோர்மேனுக்கு சைட் மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ.

இளையவர் சொன்னார்: “அமெரிக்கா ஃபுட்பால்ல ஹெட் கோச் எடுக்கணும்னா, கறுப்பர் மாதிரி சிறுபான்மை ஆளு ஒருத்தரையாவது கூப்பிட்டுப் பேசணும்னு ரூல் கொண்டுவந்தாங்களாம்ணே. ஆளு எடுக்குற நம்ம அமெரிக்க இன்ஜினியர் சொன்னாரு.”

“பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுறானுங்களே, அதுவா ஃபுட்பாலு?”

“அதேதான். அதைப் பாத்துத்தான் நம்ம கம்பெனியிலயும் மேனேஜர் வேலைக்கு ஒரு இந்தியனையாவது கூப்பிடணும்னு ரூல் வெச்சிருக்காரு.”

“அப்ப நான் கணக்குக்குத்தான். வேலை வெள்ளைக்காரனுக்கு. டயரும் வெடிச்சிருச்சு, கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. ரூமுக்குப் போயிருவோம்.”

“ரூல் இல்லன்னா உங்கள யாருண்ணே கூப்பிட்டிருப்பா? இத்தனை வருசத்துல ஒரு தடவ கூப்பிட்டாங்களா?”

 இளையவர் தள்ளிப் போய் ஆபீசுக்கு ஃபோன் போட்டு, டயர் வெடித்ததைச் சொன்னார்.

நாலு மணி தாண்டி ஒரு பிக்கப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அந்த அமெரிக்க இன்ஜினியரேதான். கண்ணாடியை இறக்கி, ஃபோர்மேனைப் பார்த்து ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: “உன்னைப் பார்க்காமல் யாரையும் எடுக்கக்கூடாது என்பது விதி. உன்னைப் பார்க்காமல் எடுக்க எனக்கும் மனமில்லை. ஏறு.”