பொடி டப்பாவின் மணம்

காபிப் பொடியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள் சார். ஈரம் ஏறும். நேற்றைய மீன்குழம்பு வாடையும் ஏறும். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா போதும். அதைவிட நல்லது, வறுத்த கொட்டையாக வாங்கி அன்றன்று அரைப்பது.

கல்யாணமான புதிதில் ஓசூரில் ஒரு கடைக்கு கிரைண்டர் வாங்கப் போனோம். என் மனைவி பொற்கொடியையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். கத்தி சுழலும் மலிவான மெஷினைக் காட்டினாள். அது கொட்டையைத் துண்டு துண்டாக நறுக்கும், பொடி சூடாகும், மணம் போய்விடும். நசுக்கி ஒரே சீராக அரைக்கிற மெஷின்தான் சரி. இதை அவளுக்கு அங்கேயே நின்று விளக்கினேன். கடைக்காரர் ஷட்டரை இறக்க வரும்வரை விளக்கினேன். அழுதாள். ஆனால் புரிந்துகொண்டாள்.

தினமும் காலையில் நான் அரைப்பேன். அவள் டப்பாவை முகர்ந்து, பொடி எப்படி என்று சொல்ல வேண்டும். தவறாகச் சொன்ன நாளில் சாயங்காலம்வரை அவளுக்குச் சாப்பாடு கிடையாது. வெறும் வயிற்றில் மூக்கு நன்றாக வேலை செய்யும்.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து போனது. பிறகும் முகர்ந்தாள். "நல்லா இருக்குதுங்க" என்றாள்.

ஒரு நாள் கம்பெனியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். தர்மபுரியில் இருக்கும் தன் தங்கை சௌமியாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றதைக் கவனிக்கவில்லை.

"காய்ச்சலுக்கு அப்புறம் வாசனையே தெரியலடி. மல்லிப்பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான்." சிரித்தாள். பிறகு குரலை இறக்கினாள். "அவருகிட்ட மட்டும் சொல்லிராத புள்ள. தெரிஞ்சா அவ்ளோதான் நானு."

நான் கோபப்படவில்லை. டிகாஷன் இறக்கிய சக்கையை மாடியில் காயவைத்து, டப்பாவில் நிரப்பி, ஒரு காலையில் அவளிடம் நீட்டினேன். கண்ணை மூடி முகர்ந்தாள்.

"இன்னிக்கு வாசனை ஆளையே தூக்குதுங்க."

சக்கை சார். மணமே இல்லாத சக்கை. 'தெரியலைங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்ல என்ன தயக்கம்?

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் கேட்டீர்கள், "ஏம்பா, வீடு பூரா கேஸ் வாடை அடிச்சிருக்குமே. அந்தப் பொண்ணுக்குத் தெரியாமலா போச்சு?" என்று. அவளுக்குத் தெரியாது சார். அது எனக்குத் தெரியும்.

அன்று அவள் தூங்கும்போது ஜன்னல்களைச் சாத்தினேன். அடுப்பின் திருகைத் திறந்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன். கம்பெனி பஸ்ஸில் இருந்து போன் செய்து எழுப்பினேன். "எழுந்து காபி போட்டுக் குடி. போனை வைக்காத, நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். அவள் என் பேச்சைத் தட்டியதே இல்லை. தீக்குச்சி உரசும் சத்தம்வரை கேட்டேன்.

அதற்கு முன் "சரிங்க" என்றாள். குரல் நடுங்கியது. அதைப் பயம் என்று எழுதிவிடாதீர்கள் சார். டிசம்பர் காலையில் ஓசூரில் குளிர் அப்படித்தான் இருக்கும்.